விழுந்த கை எழுந்த வரலாறு

சாலாக் செலாத்தானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு காப்பிக் கடை உண்டு. ஒரு நாள் காலையில் அந்தக் கடையில் எல்லாரும் ஒரே செய்தியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மையார் விடியற்காலையில் எழுந்து நடக்கையில் தரையில் விழுந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி வீடுகள் எழும்பிய பிறகு மகளோடு நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்.

"வாதம் அடிச்சிருச்சு" என்றார் என் பக்கத்தில் இருந்த தமிழர். "அங்கின் அஹ்மார்" என்றார் மலாய்க்கார நண்பர். கடைக்காரச் சீனரும் தம் மொழியில் ஒரு சொல்லைச் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். "காற்றால் அடிபடுவது" என்றார். மலாய்ச் சொல்லுக்குச் 'சிவப்புக் காற்று' என்று பொருள். நம்முடைய 'வாதம்' என்ற சொல்லும் காற்றையே குறிக்கிறது. இனம் மூன்று, மொழி மூன்று. ஆனால் மூவரும் பழியைப் போட்டது காற்றின்மேல்தான்!

நேயர்களே, இது வேடிக்கையான செய்தி மட்டுமன்று. ஒரு நோய்க்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ, அதற்கேற்றபடிதான் அந்த நோயாளியை நடத்துகிறோம். பாரிசவாதம், பக்கவாதம், 'ஸ்ட்ரோக்' என்றெல்லாம் சொல்லப்படும் இந்த நோயை மனிதன் எப்படிப் புரிந்துகொண்டான், எங்கே தவறாகப் புரிந்துகொண்டான், விழுந்த கை மீண்டும் எழ முடியும் என்பதை எப்படிக் கண்டுபிடித்தான் என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

பழங்கால மனிதன் ஏன் காற்றை நினைத்தான்? காரணம் எளிது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்கிறார். உடம்பில் காயமில்லை, காய்ச்சலில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து அடித்துவிட்டுப் போனது போல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து மரத்தைச் சாய்ப்பது காற்று. ஆகவே உடம்பைச் சாய்ப்பதும் காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினான். நம் சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்கள் 80 என்று வகைப்படுத்தின. கிரேக்கர்கள் இந்நோய்க்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்னும் பொருளில் பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லுக்கும் அடி என்றே பொருள்.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு நுட்பமான உண்மை கண்ணில் பட்டிருந்தது. ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் மரபில் வந்தவர்கள், தலையில் ஒரு பக்கம் காயம் பட்டால் உடம்பின் மறுபக்கத்தில் வலிப்பு வருகிறது என்று எழுதி வைத்தார்கள். இடப்பக்க மூளை வலக்கையை ஆள்கிறது. வலப்பக்க மூளை இடக்கையை ஆள்கிறது. நம் சாலாக் செலாத்தான் அம்மையாருக்கு வலக்கை விழுந்தது என்றால், கோளாறு அவருடைய கையில் இல்லை. மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரப் போகிறது.

அந்தக் கோளாறு என்ன என்பதைத் தெளிவாகக் காட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர். இந்நோயால் இறந்தவர்களின் உடல்களை அவர் அறுத்துப் பார்த்தார். மூளைக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருப்பதைக் கண்டார். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபட்டாலும் இந்நோய் வரும் என்று கருதினார். 1658இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். பல நூற்றாண்டுகளாகக் காற்றின் மேல் இருந்த பழி அன்று இரத்தக் குழாயின் மேல் வந்தது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. லயத்து வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஒரு கிளைக்குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால் அந்த வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோகும். குழாய் வெடித்துவிட்டாலும் அப்படித்தான். அதோடு வெடித்த இடத்தில் தண்ணீர் பாய்ந்து சேதமும் ஆகும். மூளையிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. பெரும்பாலும் நடப்பது அடைப்பு. சிலருக்கு நடப்பது வெடிப்பு. இரண்டுக்கும் வழி செய்வதில் முதல் இடம் இரத்தக் கொதிப்புக்கு. இனிப்பு நீர், புகைபிடித்தல், சில வகை இருதயக் கோளாறுகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

சரி, மூளையின் எந்த இடம் கையை ஆள்கிறது? இந்தக் கேள்விக்கு 1870இல் பெர்லின் நகரில் விடை கிடைத்தது. குஸ்டாவ் ஃபிரிட்ச், எடுவார்ட் ஹிட்சிக் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் ஒரு நாயின் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார்கள். வசதியான ஆராய்ச்சிக்கூடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹிட்சிக்கின் வீட்டிலேயே இந்தச் சோதனை நடந்தது. ஓர் இடத்தைத் தொட்டால் எதிர்ப்பக்க முன்னங்கால் துடித்தது. சற்றுத் தள்ளித் தொட்டால் பின்னங்கால் அசைந்தது. உடம்பின் அசைவுகளுக்கு மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்பது உறுதியாயிற்று.

பிறகு கனடா நாட்டின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் இந்த வேலையை மனித மூளையிலேயே செய்தார். வலிப்பு நோய்க்காக அறுவை செய்யும்போது நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்குத் தொட்டால் வலி தெரியாது. எங்கே தொட்டால் எது அசைகிறது என்று பென்ஃபீல்ட் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். 1937இல் அந்த வரைபடம் வெளிவந்தது. அதில் ஒரு வியப்பு இருந்தது. உடம்பில் பெரிய பகுதியான முதுகுக்கு மூளையில் மிகச் சிறிய இடம். சின்னஞ்சிறு விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் மிகப் பெரிய இடம்!

இதில் ஏன் வியப்பு என்று பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கத்தியைப் பட்டையில் எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும். பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அதே அளவைத் தவறாமல் பிடிக்கும் திறமை எங்கே இருக்கிறது? கை எலும்பிலா? சதையிலா? இல்லை. பல்லாயிரம் விடியல்களில் மூளை கற்றுக்கொண்டு சேர்த்து வைத்த பாடம் அது. விரல்களுக்கு இத்தனை இடம் ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் நேயர்களே, இந்த வரைபடம் நன்மையோடு ஒரு தீமையையும் கொண்டுவந்தது. வரைபடத்தில் ஓர் இடம் கைக்கு உரியது என்றால், அந்த இடம் செத்துவிட்டால் கையும் செத்ததுதானே என்ற எண்ணம் வேரூன்றியது. நரம்பியலில் மிகப் பெரிய பெயரான ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால், முதிர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை என்று எழுதினார். அவர் 1906இல் நோபல் பரிசு பெற்றவர். எனவே அவர் சொல் எடுபட்டது. இந்தத் தீர்ப்பை மாற்றுவது வருங்கால அறிவியலின் கடமை என்றும் அவரே அதே இடத்தில் எழுதியிருந்தார். அந்தப் பாதியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அதன் விளைவு மருத்துவமனைகளோடு நிற்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு தாத்தாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. அஞ்சடியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். புறா இரத்தம் தடவினால் நல்லது என்று யாரோ சொல்ல, அதையும் செய்து பார்த்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளைகள் நாங்கள் ஓடுவோம். சோற்றை அவர் மருமகள் பிசைந்து ஊட்டுவார். அவரை யாரும் அலட்சியம் செய்யவில்லை. ஊரே அன்பாகப் பார்த்துக்கொண்டது. ஆனால் அந்தக் கையை அசைத்துப் பாருங்கள் தாத்தா என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் கடைசி வரை அந்தக் கட்டிலிலேயே இருந்தார்.

உலகத்தில் அதற்கு மாறான சான்று அதற்கு வெகு காலம் முன்பே கிடைத்திருந்தது. 1917இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆக்டன், ஷெப்பர்ட் ஐவரி ஃபிரான்ஸ் என்ற இருவர் குரங்குகளில் ஒரு சோதனை செய்தார்கள். மூளையில் ஏற்படுத்திய காயத்தால் ஒரு கை விழுந்த குரங்கைச் சும்மா விட்டால், அது நல்ல கையாலேயே காலம் தள்ளியது. நல்ல கையைக் கட்டிவிட்டு விழுந்த கையைப் பயிற்சியில் ஈடுபடுத்தியபோது அந்தக் கை திரும்ப வேலை செய்யத் தொடங்கியது. அருமையான கண்டுபிடிப்பு! ஆனால் அறுபது எழுபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது.

1950களின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு குடும்பத்தில் நடந்த நிகழ்ச்சி இந்தக் கதையில் முக்கியமானது. பெத்ரோ பாக் இ ரீத்தா என்ற ஸ்பானியக் கவிஞர் அங்கே கல்லூரி ஆசிரியராக இருந்தார். பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது, பேச்சும் போய்விட்டது. இனித் தேறமாட்டார் என்று சொல்லப்பட்டது. அவருடைய இளைய மகன் ஜார்ஜ் அப்போது மெக்சிகோவில் மருத்துவ மாணவர். நோயாளிகளை எப்படிப் பழக்குவது என்று அவர் இன்னும் படித்திருக்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ அப்படியே அப்பாவும் தொடங்கட்டும் என்று முடிவு செய்தார். முதலில் சுவரில் சாய்ந்தபடி தவழச் சொன்னார். பிறகு தரையில் கோலிக் குண்டு விளையாடச் சொன்னார். விழுந்த கையால் சட்டி பானைகளைத் தேய்க்கச் சொன்னார். அக்கம்பக்கத்தார், படித்த மனிதரை நாய் போலத் தவழ விடுகிறானே என்று பேசினார்கள். மகன் விடவில்லை. மாதங்கள் பல சென்றன. தந்தை எழுந்தார், நடந்தார், மீண்டும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1965இல், மலையேறும்போது மாரடைப்பால் அவர் இறந்தார். மூளையைச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பழைய காயம் ஆறவே இல்லை! மூளையிலிருந்து முதுகுத் தண்டுக்கு வரும் நரம்புப் பாதையில் பெரும் பகுதி அழிந்த நிலையிலேயே இருந்தது. அப்படியானால் அவர் எப்படி நடந்தார்? எஞ்சியிருந்த நரம்புகளைக் கொண்டே மூளை வேறு வழி போட்டிருக்கிறது. அவருடைய மூத்த மகன் பால் பாக் இ ரீத்தா மருத்துவர். தந்தையின் மூளையைக் கண்ட பிறகு, மூளை தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார்.

அதே காலத்தில் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வேறொரு புதிருக்கு விடை தேடினார். கொஞ்சம் வலு திரும்பிய பிறகும் நோயாளி ஏன் அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை? அவர் தந்த விளக்கம் இது: முதல் நாள்களில் கையைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. மறுபடி முயல்கிறார், கிண்ணம் விழுந்து உடைகிறது. சில நாள்களில் அந்தக் கை உதவாது என்று மூளையே பாடம் கற்றுக்கொள்கிறது. பிறகு கைக்கு வலு வந்தாலும் மூளை அதைக் கூப்பிடுவதில்லை. பயன்படுத்தாமையே பழக்கமாகிவிடுகிறது. அவர் ஆராய்ச்சியில் இருந்த குரங்குகளின் நிலை குறித்து 1981இல் பெரும் வழக்கு எழுந்து அவருடைய பணி தடைப்பட்டதும் உண்டு. பின்னர் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் மனிதர்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார். நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிவிடுவார்கள். விழுந்த கையாலேயே நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி. இரண்டு வாரம் இப்படி. அமெரிக்காவில் 222 நோயாளிகளைக் கொண்டு செய்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானபோது, இந்த முறையால் கை நன்றாகத் தேறுகிறது என்று உறுதியாயிற்று. அவர்கள் நோய் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். ஒரு நிபந்தனை உண்டு: மணிக்கட்டும் விரலும் சிறிதாவது அசைய வேண்டும். முற்றிலும் அசையாத கைக்கு இது பொருந்தாது.

இந்தப் பயிற்சியின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? 1996இல் ராண்டால்ஃப் நூடோவும் அவர் குழுவினரும் குரங்குகளில் இதைக் கண்டார்கள். கைக்குரிய இடத்தில் ஒரு பகுதி அழிந்த பிறகு சும்மா விட்டால், அழியாமல் தப்பிய பகுதியும் சுருங்கிப்போனது. பயிற்சி கொடுத்தால் தப்பிய பகுதி காக்கப்பட்டது. சில குரங்குகளில் அது பக்கத்து இடங்களுக்கும் பரவியது. தோட்டத்தில் ஒரு பாதை மண்சரிவில் மூடிக்கொண்டால், ஆள் நடக்க நடக்கப் பக்கத்தில் புதுத் தடம் விழும். யாரும் நடக்காவிட்டால் இருக்கிற பாதையையும் லாலான் புல் மூடிவிடும். மூளையின் கதையும் இதுதான்.

மனித மூளையை உயிரோடு பார்க்கும் வழிகளும் இதற்குள் வந்துவிட்டன. 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மண்டைக்கு வெளியே இருந்தே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். 1971இல் இலண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் 'சி.டி. ஸ்கேன்' முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அடைப்பா, வெடிப்பா என்று சில நிமிடங்களில் சொல்ல அந்தக் கருவி வழி திறந்தது. மூளையில் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே இரத்த ஓட்டம் கூடும். அதையும் படமாக எடுக்கும் கருவிகள் பின்னர் வந்தன. 1991இல் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள், பக்கவாதத்திலிருந்து தேறியவர்களை அந்தக் கருவியில் வைத்து விரலை அசைக்கச் சொன்னார்கள். தேறிய கையை அசைத்தபோது மூளையின் இரு பக்கமும் சேர்ந்து உழைத்தது. கஹால் வருங்காலத்திடம் ஒப்படைத்த தீர்ப்பு மாறிவிட்டது.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கும் சிறப்பான இடம் உண்டு. வி.எஸ். ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் சான் டியாகோ நகரப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். கை வெட்டி எடுக்கப்பட்ட சிலருக்கு இல்லாத கை வலிப்பது போல் தோன்றும். அந்த வலியைத் தீர்க்க 1990களில் அவர் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி!

அதே கண்ணாடியைப் பக்கவாதத்துக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். நோயாளியின் முன் மேசையில் கண்ணாடியை நட்டுக்கு நிறுத்துவார்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கை முன்னால் இருக்கும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், விழுந்த கையே அசைவது போல் தெரியும். அந்தக் காட்சி மூளையின் சோர்ந்துபோன பகுதியைத் தட்டி எழுப்பும் என்பது அவர்கள் கருத்து. நோய் வந்து 6 மாதத்துக்கு மேலான 9 பேரிடம் செய்த சிறு ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒன்பது பேரைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து உலகெங்கும் ஆய்வுகள் நடந்தன. 2018இல் 62 ஆய்வுகளை, மொத்தம் 1982 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மற்றப் பயிற்சிகளோடு இதையும் சேர்த்தால் கையின் அசைவு ஓரளவு மேம்படுகிறது என்று தெரிந்தது. கோடிக்கணக்கான வெள்ளிக் கருவிகளுக்கு நடுவே ஒரு கண்ணாடித் துண்டும் மருத்துவத்தில் இடம் பிடித்தது.

பெர்கர் கண்ட மூளை அலைகளும் இன்று பயிற்சிக்கு வந்துவிட்டன. தலையில் மாட்டிய கருவி, கையை அசைக்க நோயாளி நினைக்கும்போது எழும் அலையைப் பிடிக்கிறது. கையில் மாட்டிய உறை விரல்களைத் திறந்து மூடுகிறது. இப்படிப்பட்ட ஒரு கருவிக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி கொடுத்தது.

இவ்வளவையும் கேட்டபின், அப்படியானால் முதல் நாளே நோயாளியை எழுப்பி நடக்கவிட வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2104 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நம் மலேசியாவும் அந்த ஐந்து நாடுகளில் ஒன்று. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையை விட்டு எழுப்பி அதிக அளவில் பயிற்சி கொடுத்தால் நல்லதா என்று பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. அவசரப்பட்டு அதிகம் செய்தவர்களைவிட, வழக்கமான முறையில் சென்றவர்களே சற்று நன்றாகத் தேறினார்கள். ஆகவே தொடக்க நாள்களில் எப்போது எழுப்புவது, எவ்வளவு செய்வது என்பதை மருத்துவமனையில் இருப்பவர்களே சொல்ல வேண்டும்.

இன்னொரு பாடம் இந்தியாவிலிருந்து வந்தது. லூதியானா கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்திய ஆய்வில் 14 மருத்துவமனைகளின் 1250 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு, வீட்டில் பயிற்சி கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் வேறுபாடு இல்லை. 2017இல் வெளியான இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. குடும்பம் வேண்டியதில்லை என்று இதற்குப் பொருளன்று. தேர்ந்த பயிற்சியாளரின் இடத்தை அன்பு மட்டும் நிரப்பிவிடாது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அந்த உதவி கிடைக்கும் இடங்கள் உண்டு. ஜேனட் இயோ என்ற பெண்மணி தாமே பக்கவாதத்துக்கு ஆளாகித் தேறியவர். தம்மைப் போன்றவர்களுக்காக 1996இல் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். 'நாசாம்' என்று அதை அழைக்கிறோம். சாலாக் செலாத்தானிலிருந்து அதிகத் தொலைவில்லாத செராஸில், சுகாதார அமைச்சின் முதல் மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் 'பிசியோதெரபி' பகுதிகள் உண்டு. மருத்துவமனையை விட்டு வரும்போதே, அடுத்த பயிற்சி எங்கே, எந்த நாளில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இனி, மூன்றாம் மாடி அம்மையாரிடம் திரும்புவோம். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் மகள் அவருக்கு எல்லாம் செய்தார். முகம் கழுவினார், சோறு ஊட்டினார், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். அம்மையார் இடக்கையை நீட்டினால்கூட, "நீங்க சும்மா இருங்கம்மா, நான் செய்றேன்" என்பார். பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாவையும் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா தோட்டத்துல பட்ட பாடு போதும். இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்றார்.

நேயர்களே, அந்த மகளின் மனத்தைப் புரிந்துகொள்ளாதவர் நம்மில் யார்? விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து, நம்மைப் படிக்க வைத்த தாய் அல்லவா? அவருக்கு ஓய்வு கொடுக்க நினைப்பது பாசம். ஆனால் விழுந்த கைக்கு ஓய்வு கொடுத்தால், அந்தக் கை நிரந்தரமாக ஓய்ந்துவிடுகிறது. பாசத்தின் உருவத்தை நாம் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் நாம் செய்யக்கூடியதை அவர் அரை மணி நேரம் செய்யட்டும் என்று பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதும் பாசம்தான்.

அந்த மகள் அப்படித்தான் மாறினார். முதலில் அம்மாவின் வலக்கையில் ஒரு துணியைக் கொடுத்து மேசையைத் துடைக்கச் சொன்னார். பிறகு சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுத்தார். பிறகு கிண்ணத்தில் கடலையைப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். சில மாதம் கழித்து நான் போனபோது அம்மையார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் இன்னும் மடங்கித்தான் இருந்தது. கத்தி பிடித்து மரம் வெட்டும் கையாக அது இனி ஆகாது. ஆனாலும் தம் தட்டில் தாமே சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளும் கையாக ஆகிவிட்டது. "இது போதும் தம்பி" என்றார்.

எல்லாருக்கும் இப்படித் தேறும் என்று நான் சொல்லவில்லை. காயத்தின் அளவு பெரிதாக இருந்தால் பயிற்சியால் திரும்புவது குறைவாகவே இருக்கும். முதல் மூன்று மாதத்தில் தேறுவது வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்றால் நின்றுவிடும் என்று பொருளன்று.

கடைசியாக, மறக்கக் கூடாத சில செய்திகள். ஒருவருக்கு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள். அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் கொடுத்தால்தான் அது பெரும்பாலோருக்கு உதவும். விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுப்பது, புறா இரத்தம் தடவுவது, காற்று இறங்கட்டும் என்று காத்திருப்பது ஆகியவற்றில் அந்தப் பொன்னான நேரம் போய்விடும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தண்ணீரோ சோறோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம். நோயாளியைத் தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு கெட்டுவிடும். இரத்தக் கொதிப்பு மாத்திரையை, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

வாதம் என்ற பழைய சொல்லை நாம் தொடர்ந்து சொல்லலாம். அது நம் பாட்டன் பூட்டன் சொல். ஆனால் அது காற்று அல்ல, இரத்தக் குழாயின் கோளாறு என்பதையும், கை விழுந்தாலும் அந்தக் கைக்காகப் புது வழி தேடும் மூளை உள்ளே விழித்திருக்கிறது என்பதையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். எங்கள் லயத்துத் தாத்தாவுக்கு அன்று சொல்ல ஆளில்லை. இன்று சொல்ல நாம் இருக்கிறோம்.